தபாலில் ஊசி வருமா, முறிவு மருந்து வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பாலக்கோடு பக்கம். தம்பி ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார் என்பது மூன்று மாதம் முன்புதான் வீட்டுக்குத் தெரிந்தது. வெளிநாட்டில் புது ஊசியும் உயிர் காக்கும் மருந்தும் தபாலிலேயே இலவசமாக வருகிறதாமே, நமக்கும் வருமா, வரவழைத்தால் போலீஸ் தொல்லை வருமா என்கிறீர்கள்.

வராது. நம் நாட்டில் அரசுத் திட்டம் தபால் வழியாக இயங்குவதில்லை. ஆனால் அந்தப் பார்சலில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இங்கே வேறு வேறு வழி உண்டு. சில வழிகள் நேராகவே இருக்கின்றன, சிலது சுற்றுவழி. நான் மருத்துவர் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எச்.ஐ.வி. தடுப்பு வேலையில் பதினான்கு வருடம் ஆலோசகராக இருந்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பார்சலைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் நியூயார்க்கை வைத்துத் தொடங்கிய நெக்ஸ்ட் டிஸ்ட்ரோ என்ற அமைப்பு இதில் பெயர் பெற்றது. இணையத்தில் ஒரு சின்னப் பயிற்சி, அப்புறம் ஒரு விண்ணப்பம். சில நாளில் வெளியே எதுவும் எழுதாத சாதாரணப் பெட்டி ஒன்று வாசலுக்கு வரும். உள்ளே பிரிக்காத ஊசிகள், தோலைத் துடைக்கும் சாராயப் பஞ்சு, கிருமி நீக்கிய தண்ணீர், பயன்படுத்திய ஊசியைப் போட்டு மூட ஒரு கெட்டியான டப்பா. எல்லாவற்றையும்விட முக்கியமானது நலக்சோன். ஹெராயின், மார்பின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகை அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதை முறிக்கும் மருந்து அது. அங்கே மூக்கில் பீய்ச்சும் வடிவில் வருகிறது. 2023 மார்ச்சில் அதைச் சீட்டு இல்லாமலே கடையில் விற்க அமெரிக்க அரசு அனுமதித்தது. ஸ்காட்லாந்து 2011-லேயே நலக்சோனை நாடு முழுவதும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கியது. கொரோனா வந்தபோது அங்கேயும் தபால் வழி சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்துக்கும் எல்லாம் போவதில்லை. சில மாநிலங்களில் ஊசி வைத்திருப்பதே குற்றம் என்பதால் அங்கே நலக்சோன் மட்டும் போகும். அப்படியும் இந்த முறை வளர்ந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று தூரம். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிது தரும் ஊசி மாற்று மையம் நூறு மைல் தள்ளி இருந்தால் யார் போவார்கள்? இன்னொன்று கூச்சம். மையத்து வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். தபால் பெட்டியில் வந்து விழுந்தால் யார் கண்ணிலும் படாது.

இங்கேதான் நம் கதை தலைகீழாகிறது. நம் ஊரில் தபாலைப் போல ரகசியம் இல்லாதது வேறு எதுவும் இல்லை.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மருந்து வாங்க வராமல் நின்றவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போடுவது என்று முடிவானது. நல்ல எண்ணம்தான். ஆனால் உறையின் மூலையில் அலுவலக முத்திரையை அப்படியே குத்தி அனுப்பிவிட்டார்கள். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த அன்று ஆள் வயலில் இருந்தார். தபால்காரர் வழக்கம்போல டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். டீக்கடையிலிருந்து பெரியப்பா கைக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது உறை பிரிந்து திண்ணையில் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவே இல்லை. சேலத்தில் போய் மருந்து வாங்குவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தபால்காரர் மேல் தப்பு இல்லை, நல்ல மனுஷன். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதுதான் விஷயம்.

ஆகவே யாராவது நாளைக்கே நம் மாவட்டத்தில் தபால் சேவை தொடங்கினாலும், பாலக்கோட்டு முகவரிக்குப் பெட்டி வருவது உங்கள் தம்பிக்கு உதவாது. அதை முதலில் வாங்குவது உங்கள் அப்பாவாக இருக்கும். ஓசூரில் தம்பியின் அறைக்கு வந்தால் வேறு கதை. சிப்காட் பக்கம் ஒரே கட்டடத்தில் முப்பது பையன்கள், ஆளுக்கு ஒரு ஆன்லைன் பார்சல், யார் பெட்டியையும் யாரும் கவனிப்பதில்லை. அங்கே கூரியர் உண்மையிலேயே ரகசியம் காக்கும். அதனால்தான் மாத்திரை விற்பவர்களும் அதே வழியில் வருகிறார்கள். வெளி மாநிலத்திலிருந்து கூரியரில் வலி மாத்திரை வரவழைத்துப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் இப்போது புதிதல்ல. விஷம் வாசலுக்கு வருகிறது, முறிவு வருவதில்லை. எனக்கு இதில் இருக்கும் ஆதங்கம் கொஞ்சம் அல்ல.

ஏனென்றால் மருந்தை வாசலுக்குக் கொண்டுபோவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது எங்கே? 2021 ஆகஸ்ட் 5, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை பையில் போட்டு ஒரு பெண் வீடு வீடாக வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் யாருக்கும் வெட்கமில்லை. போதைப் பழக்கத்துக்கு அப்படி ஒரு பை இன்னும் தைக்கப்படவில்லை.

சரி, இங்கே என்ன இருக்கிறது என்று வருவோம்.

இந்தியாவில் ஊசி மாற்றுத் திட்டம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் கீழ் நடக்கிறது. அது தபாலில் அல்ல, ஆள் வழியாக நடக்கிறது. பழக்கத்திலிருந்து மீண்டவர்களையோ அந்தச் சூழலை அறிந்தவர்களையோ களப்பணியாளராக வைத்து, அவர்கள் கையில் புது ஊசி கொடுத்தனுப்பி, பழையதைத் திரும்ப வாங்குவார்கள். 1990 வாக்கில் மணிப்பூரில் ஊசி பகிர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி. பரவிய வேகம்தான் இதற்கெல்லாம் தொடக்கம். குறுகிய காலத்தில் பாதிப் பேரைத் தொட்டது அங்கே. இந்தத் திட்டங்கள் வடகிழக்கு, பஞ்சாப், டெல்லி, பெருநகரங்கள் என்று ஊசிப் பழக்கம் அதிகமான இடங்களில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. ஓசூருக்கு எது பக்கம் என்பதை 1097 என்ற நாகோ எண்ணில் கேட்டால் சொல்வார்கள். இலவச அழைப்பு, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-வது பிரிவு, எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கச் செய்யும் இப்படிப்பட்ட வேலை குற்றமாகாது என்கிறது. பதிவு பெற்ற ஊசி மாற்றுத் திட்டத்தில் பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்குபவரையும், கொடுப்பவரையும் சட்டமே உதாரணமாகக் காட்டிப் பாதுகாக்கிறது. இது பல காவலர்களுக்கே தெரியாது. ஆனால் கவனியுங்கள், பாதுகாப்பு ஊசிக்குத்தான், ஊசிக்குள் போகும் சரக்குக்கு அல்ல.

சரக்கைப் பொறுத்தவரை எல்லா வலி மாத்திரையும் ஒரே சட்டத்தில் வருவதில்லை. ட்ரமடால் 2018 ஏப்ரலில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. அது வந்த பிறகு டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை பக்கம் பையன்கள் போனார்கள் என்பது நாங்கள் கண்ணால் பார்த்தது. ஒரு கதவைச் சாத்தினால் பக்கத்துக் கதவு திறக்கும். போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர், பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கும் போகும். வக்கீல்களே இதை எடுத்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், நினைவில் வையுங்கள்.

அடுத்து, பழக்கத்தை நிறுத்தும் மருந்து. இதைத் தபாலில் எதிர்பார்க்கவே வேண்டாம். ஓபியாய்டு பழக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்பின் மாத்திரைதான் இங்கே முதன்மை. அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2020-இல் வந்த தொலைமருத்துவ விதிகள், இந்த வகை மருந்துகளைப் போனில் பார்த்து எழுதித் தர மருத்துவருக்குத் தடை போடுகின்றன. நேரில்தான் போக வேண்டும். அரசு மையங்களில் அன்றாடம் ஊழியர் முன்னால் வைத்துக் கரையவிடுவதுதான் வழக்கம். கொரோனா ஊரடங்கில் பல நாள் மருந்தைக் கையில் கொடுத்தனுப்ப நாகோ அனுமதித்தது. வானம் இடிந்து விழவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு இந்த அன்றாட நடை எவ்வளவு பெரிய சுமை என்பதை அந்த ஒரு வருடம் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

உங்கள் தம்பி ஓசூரில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை பக்கம்தான். அங்கே போதைச் சிகிச்சைக்கே தனிப் பிரிவு இருக்கிறது, ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள். தமிழ் பேசினால் சமாளிக்கலாம். இந்தப் பக்கம் வர முடிந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவில் காட்டலாம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு தன் மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறந்தது. ஓபி சீட்டு வாங்கும் இடத்திலேயே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதல் தடவை போகும்போது ஒரு சின்ன விஷயம். ப்யூப்ரெனார்பினை உடம்பில் பழைய மாத்திரையின் வேகம் இருக்கும்போதே கொடுத்தால் நிலைமை திடீரென்று மோசமாகும். அதனால் கடைசியாக எப்போது போட்டார் என்பதை டாக்டரிடம் உண்மையாகச் சொல்ல வேண்டும். மாத்திரையின் வேகம் இறங்கும்போது கொட்டாவி, மூக்கொழுகல், கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு என்று வரும் அந்த நிலையைப் பார்த்து வீட்டில் விஷக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்த மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு ‘காய்ச்சல்’ வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

தம்பி நாளைக்கே நிறுத்திவிடுவார் என்று வைத்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை. நிறுத்தும்வரை உயிரோடும் உறுப்போடும் இருக்க வேண்டும். வாய்வழியாக விழுங்கத் தயாரித்த மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மீதி சுண்ணாம்புத் தூள் மாதிரி நிரப்புப் பொருள். எவ்வளவு வடிகட்டினாலும் அது ரத்தக்குழாய்க்குள் போகும். நரம்பு கெட்டிப்படும், சீழ் பிடிக்கும், நுரையீரலில் போய் அடைக்கும். தவறித் தமனியில் ஏறிவிட்டால் விரல் கறுத்து வெட்டி எடுக்கும் அளவுக்குப் போகும். ஒரு கார் ஓட்டுநர் பையன் என் மேஜை முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டியபோது, முழங்கை மடிப்பில் வேப்பங்கொட்டை அளவுக்கு வரிசையாக முடிச்சுகள். கொசுக்கடி என்றான். நானும் சரி என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது அவனே சொன்னான்.

ஊசி போடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. மாத்திரையை விழுங்குவதும் ஆபத்துதான், ஆனால் ஊசியைவிடக் குறைவு. ஊசி என்றே ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிது, யாரோடும் பகிராமல். கலக்கும் தண்ணீர், கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு எல்லாமே பகிரக் கூடாதவை. ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே மூடியிலிருந்து நாலு பேர் உறிஞ்சுவது பரவலான தவறு. ஊசிக் குழாய்க்குள் தங்கிய ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள் வரைகூட உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். சுடுதண்ணீரில் அலசிவிட்டேன் என்பதெல்லாம் மனச் சமாதானம். மருந்துக்கடையில் புது ஊசி சில ரூபாய்தான், ஆனால் பையன்கள் கேட்டால் முறைத்துத் திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. கடைக்காரரின் பயமும் எனக்குப் புரிகிறது. முறைத்ததால் யாரும் ஊசியை விட்டதை நான் பார்த்ததில்லை. அறையில் கிடக்கும் பழையதை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பயன்படுத்தியதைக் குப்பையில் வீசாமல் இருக்க டப்பா தபாலில் வர வேண்டாம். தரை துடைக்கும் திரவம் வரும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் போதும். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடலாம். துப்புரவுப் பணியாளர் கையில் ஏறிய ஊசிகளை நான் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இப்போது நலக்சோன். நம் நாட்டில் மூக்கு ஸ்ப்ரே எளிதில் கிடைக்காது. ஊசி மருந்தாகச் சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு மில்லியில் 0.4 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதுதான், ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். தம்பியைப் பார்க்கும் மனநல டாக்டரிடம் ‘வீட்டில் வைத்துக்கொள்ள எழுதித் தருவீர்களா, போடக் கற்றுத் தருவீர்களா’ என்று நேராகக் கேளுங்கள். இப்படி அவசரத்தில் பக்கத்தில் இருக்கக்கூடியவர் கையில் நலக்சோன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. எல்லா டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்பதில் நஷ்டமில்லை.

அது இல்லாமலும் உயிரைக் காப்பாற்ற முடியும். இதை உங்களைவிட அறையில் கூட இருக்கும் நண்பர்கள் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் சம்பவம் அங்கேதான் நடக்கும். கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது அல்லது தொண்டையில் கொர கொர என்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்கிறது, கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கிறது. அந்தக் கொரகொரப்பைக் குறட்டை என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டுப் படுத்தவர்கள் காலையில் பிணத்தோடு எழுந்திருக்கிறார்கள். உடனே 108. ‘மயங்கிவிட்டார்’ என்று சொல்லாமல் ‘மூச்சு நிற்கிறது’ என்று சொல்லுங்கள், ஆம்புலன்சில் வருபவரிடம் என்ன மாத்திரை என்பதையும் மறைக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒன்று என்று ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சை, உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். இழுத்து நடக்க வைப்பது, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும்.

நலக்சோன் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், உள்ளே இருக்கும் மாத்திரை அதைவிட நீடிக்கும், மூச்சு மறுபடி அடங்கலாம். டபென்டடாலில் வலிப்பும் வரலாம். மூச்சை நலக்சோன் மீட்கும், வலிப்பை அது நிறுத்தாது. சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஆபத்து பல மடங்கு.

ஆட்கள் அதிகம் சாவது எப்போது தெரியுமா? மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில். உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், கை பழைய அளவை எடுக்கும். அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாகக் கை காலைக் கட்டி வேனில் ஏற்றிப் போகும் மையங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் மனநல மருத்துவர் வருகிறார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பரிசோதனையும் தள்ளிப்போட வேண்டாம். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். யாராவது போட்ட ஊசியைச் சமீபத்தில் பகிர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மருந்து 28 நாளுக்குத் தருவார்கள். ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் முழுக்கக் குணமாகும். கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று தம்பி பயப்படுவார். எல்லாப் பையன்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வது மேலே சொன்ன அதே சட்டத்தில் தடை. இ.எஸ்.ஐ.யில் காட்டத் தயங்கினால் நேராக அரசு மருத்துவமனைக்கே போகலாம்.

எண்களில் ஒரு குழப்பம் வேண்டாம். சிகிச்சை, ஆலோசனைக்கு 14446. மனசு சரியில்லை, தற்கொலை எண்ணம் என்றால் 14416. விற்பவரைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் சொல்லத்தான் 10581, தம்பிக்கு உதவி கேட்க அதை அழைக்காதீர்கள். 14446-இல் குடும்பத்தாரும் பேசலாம். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை என்றால் நீங்களே முதலில் பேசுங்கள், அவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்று தெரிந்தால் அட்டையில் இருக்கும் பெயரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு. பேசும் நேரத்தில் அப்பா வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.